அரைப்படி நெல்லும் ஒரு ஏக்கர் பட்டாவும்: கீழ்வெண்மணிக்குப் பிறகு நடந்தது

அரைப்படி நெல் என்றால் எவ்வளவு என்று இன்றைக்கு நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு மூன்று தரம் கை நிறைய அள்ளிப் போட்டால் நிறைந்துவிடும். கூலியில் அந்த அரைப்படியைக் கூட்டிக் கேட்டதிலிருந்து வளர்ந்த தகராறுதான் 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்ததில் போய் முடிந்தது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், ஓட முடியாத வயதானவர்கள். எல்லோரும் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்கள்.

வெண்மணியின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. ஆனால் நாம் பேசும்போது அந்த இரவோடு நின்றுவிடுகிறோம், மிஞ்சிப்போனால் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போகிறோம். எனக்கு அதற்குப் பிந்தைய நாற்பது வருடங்கள்தான் அதிகம் யோசிக்க வைக்கின்றன. ஏனென்றால் எந்தக் கொடுமை நடந்தாலும் நண்பர்களுக்குள் ஒரே சண்டை வருகிறது. ஒரு பக்கம், "கொடி பிடிச்சு கோஷம் போட்டு என்ன கிடைச்சுது, போய் அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்யுங்க" என்கிறார்கள். இன்னொரு பக்கம், "அரிசி மூட்டை கொடுத்துட்டா அநியாயம் சரியாயிடுமா, கேள்வி கேட்காம உதவி செய்யறது அநியாயத்துக்குத் துணைபோறதுதான்" என்கிறார்கள். இரண்டு பேரும் மனசார நம்பித்தான் பேசுகிறார்கள். வெண்மணிக்குப் பிறகு நாகப்பட்டினம், திருவாரூர் வட்டாரத்தில் நடந்ததைக் கோவையாகப் பார்த்தால் இந்தச் சண்டையே வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்த இரவுக்கு முன்னால்

வெண்மணி திடீரென்று நடந்ததல்ல. 1940-கள் வரைக்கும் கீழத்தஞ்சையில் பண்ணையாள் என்றால் ஏறத்தாழ அடிமைதான். சவுக்கடியும் சாணிப்பால் குடிக்க வைப்பதும் அங்கே நடைமுறையில் இருந்த தண்டனைகள். கர்நாடகத்தில் பிறந்து தஞ்சைக்கு வந்து இந்த மக்களைச் சங்கமாகத் திரட்டிய கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவும் அவரோடு நின்ற தோழர்களும் அந்தத் தண்டனைகளை நிறுத்த வைத்தார்கள். செங்கொடி அங்கே வெறும் கட்சிக் கொடியாக இருக்கவில்லை, "இனிமேல் என் மேல கை வைக்காதே" என்று தெருமுனையில் எழுதி வைத்த அறிவிப்பு மாதிரி இருந்தது. கொடியைப் பார்த்தாலே மிராசுதார்களுக்குப் பற்றிக்கொண்டு வந்ததற்குக் காரணமும் அதுதான்.

1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபோது விரட்ட முடியாது, இவ்வளவு கூலி கொடுக்க வேண்டும் என்று சொன்ன சட்டம். வந்ததும் நிறைய மிராசுதார்கள் பண்ணையாள் முறையையே கைவிட்டு, அதே ஆட்களைத் தினக்கூலிகளாக ஆக்கிக்கொண்டார்கள். பாதுகாப்புக்கு வந்த சட்டம், வருடம் முழுக்க இருந்த வேலையை நாள்கணக்கு வேலையாக்கிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நிலம் ஏன் அவ்வளவு முக்கியமாயிற்று என்பதற்கு இது ஒரு காரணம்.

அப்புறம் பசுமைப் புரட்சி. 1960-களின் தொடக்கத்திலேயே தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. உரம், புது விதை, கடன் எல்லாம் இங்கேதான் முதலில் வந்தன. ஏடிடி-27 போன்ற குறுகிய கால ரகங்கள் குறுவைக்கு வந்தன. களத்தில் குவிகிற நெல் கூடியது, அறுக்கிறவர் வீட்டுக்குக் கொண்டுபோகிற நெல் அந்த அளவுக்குக் கூடவில்லை. கண்ணெதிரே விளைச்சல் ஏறுவதைப் பார்க்கிற கூலிக்காரர் கூலியையும் ஏற்றிக் கேட்காமல் எப்படி இருப்பார்? மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்திக்கொண்டு, வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்தார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கத்துக்கு வாருங்கள் என்று ஊர் ஊராக நெருக்கடி கொடுத்தார்கள். வெண்மணி கொடியை இறக்கவில்லை.

தீயும் தீர்ப்பும்

அன்று மாலையே தகராறு முற்றி மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தொழிலாளர்கள் தண்டனை பெற்றார்கள். இதை மறைத்துவிட்டு எழுதுவது சரியல்ல என்று நினைக்கிறேன். ஆனால் இரவில் துப்பாக்கிகளோடு வந்த கூட்டம் செய்ததை எந்தத் தராசில் வைத்தாலும் அதற்குப் பதிலடி என்று சொல்ல முடியாது. ஆண்கள் சிதறி ஓட, ஓட முடியாதவர்கள் ஒரு சின்னக் குடிசைக்குள் ஒடுங்கிக்கொண்டார்கள். கூரை கீற்று, சுவர் மண். அதைத்தான் கொளுத்தினார்கள்.

1970-இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிறைய நிலம் வைத்திருக்கும் வசதியானவர்கள், அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருள்பட அந்தத் தீர்ப்பில் எழுதியிருந்தது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வயிறு எரிகிற இடம் அது. நிலமே சாட்சியாக வந்து நின்று உடையவரை விடுவித்தது போல.

1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார், நக்சல்பாரி அமைப்பினர் செய்தது. அந்தச் செய்தி கேட்டு வெண்மணியில் சிலருக்கு நெஞ்சு ஆறியிருக்கலாம், அதைக் குறை சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் மறுநாள் காலையிலும் வயல் யாருடையதோ அவர்களுடையதாகத்தான் இருந்தது.

சங்கத்தின் போராட்டம் வெண்மணியோடு ஓயவில்லை, இன்னும் பரவியது. விவசாயத் தொழிலாளர் பிரச்சினையை விசாரிக்க அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது, 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது, 1971-இல் குடியிருப்பு மனைக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. இந்தக் கடைசிச் சட்டத்தின் கனம் வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியாது. அதுவரை கூலிக்காரரின் குடிசை நின்ற மண்ணே மிராசுதாருடையது. கூலி கூட்டிக் கேட்டால் "வீட்டைக் காலி பண்ணு" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடலாம். குடியிருக்கும் மனை சொந்தமானதும் அந்த ஆயுதம் பறிபோயிற்று. கொடி பிடித்து என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தச் சட்டத்தைத்தான்.

கீழத்தஞ்சைக்கு வந்த இருவர்

வெண்மணிச் செய்தி கேட்டு அங்கே வந்தவர்களில் இரண்டு காந்தியவாதிகள் இருந்தார்கள். கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும். நிறையப் பேர் வந்தார்கள், பார்த்தார்கள், அழுதார்கள், போனார்கள். இவர்கள் இருவரும் தங்கிவிட்டார்கள்.

கிருஷ்ணம்மாள் 1926-இல் இன்றைய திண்டுக்கல் மாவட்டப் பகுதியில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மதுரையில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் படித்துப் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் அந்தப் பின்னணியிலிருந்து ஒரு பெண் கல்லூரிக்குப் போனதே பெரிய காரியம். ஜெகந்நாதன் 1914-இல் வசதியான வீட்டில் பிறந்து, காந்தியின் அழைப்பைக் கேட்டுப் படிப்பை விட்டவர், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறைக்குப் போனவர். நாடு விடுதலையான பிறகுதான் கல்யாணம் என்று இருந்து, 1950-இல் சாதி மறுத்து மணந்துகொண்டார்கள். அப்புறம் வினோபா பாவேயின் பூமிதான இயக்கம், ஊர் ஊராக நடை.

பூமிதானம் அவர்களுக்கு ஒரு பாடமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நிலக்காரரின் மனசாட்சியைத் தொட்டு நிலத்தைத் தானமாகக் கேட்பது அந்த இயக்கத்தின் வழி. கொஞ்சம் கிடைத்தது, உண்மையாகவே மனமுவந்து கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் நாடு முழுக்கவே தானமாக வந்ததில் கணிசமான நிலம் கல்லும் கரடும், அல்லது வழக்கில் சிக்கியது, அல்லது காகிதத்தோடு நின்றது. காவிரிப் பாசனத்தில் முப்போகம் கண்ட நஞ்சையை யார் தானமாகக் கொடுப்பார்?

ஆக வெண்மணிக்கு வந்தபோது இவர்கள் கையில் தயாரான மருந்து எதுவும் இல்லை. ஆரம்ப வருடங்களில் செய்ததெல்லாம் போராட்டம்தான். நில உச்சவரம்புச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது, 1970-இல் உச்சவரம்பை 15 தர ஏக்கராக (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) குறைத்தார்கள். ஆனால் பினாமி பெயரிலும் அறக்கட்டளை பெயரிலும் நிலத்தைப் பிரித்து எழுதிவைத்துவிட்டால் சட்டம் வாசலோடு திரும்பிப் போய்விடும். அப்படி அறக்கட்டளை பெயரில் வைத்திருந்த நிலங்களைக் கேட்டு வலிவலம் பக்கத்தில் சத்தியாகிரகம் நடத்தினார்கள், பெண்களைக் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கினார்கள், கைதானார்கள். நடுவில் ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கத்துக்காகப் பீகார் போனார்கள், நெருக்கடி நிலையின்போது ஜெகந்நாதன் சிறையில் இருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பின்னால் வந்த விருதுகளையும் பாராட்டுகளையும் மட்டும் பார்ப்பவர்கள் கிருஷ்ணம்மாள் அம்மாவை ஏதோ சாந்தமாக உதவி செய்த சமூக சேவகி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. மறியல், உண்ணாவிரதம், சிறை, வயலில் இறங்கி நிற்பது என்று ஒவ்வொன்றையும் செய்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் அவர் அடுத்த வழிக்குப் போனார்.

நிலத்தை விலைக்கு வாங்குவதா?

1981-இல் இருவரும் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உழுபவருக்கு நிலத்தின் வழியாக விடுதலை என்று பொருள் வரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. நாகப்பட்டினம் பக்கத்தில் கூத்தூரில் உள்ள வினோபா ஆசிரமம்தான் அதற்கு இருப்பிடம்.

வழி இதுதான். விற்க மனமுள்ள நிலக்காரரைத் தேடிப் போவது. பேசி, நியாயமான விலைக்குச் சம்மதிக்க வைப்பது. அந்த ஊரின் நிலமற்ற குடும்பங்களைச் சேர்த்து, வங்கியிலும் அரசு நிதிக் கழகங்களிலும் கடன், மானியம் வாங்கி நிலத்தை வாங்குவது. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர், பத்திரம் பெண்ணின் பெயரில். விளைச்சலிலிருந்து தவணை கட்டிக் கடனை அடைப்பது.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பல மாத அலைச்சல் இருக்கிறது. சொத்து ஏதும் இல்லாத கூலிப் பெண்ணுக்கு நிலம் வாங்கக் கடன் கொடு என்றால் எந்த வங்கி மேலாளர் எடுத்த எடுப்பில் கையெழுத்துப் போடுவார்? ஈடாக என்ன இருக்கிறது என்றுதானே கேட்பார். வாங்கப்போகிற நிலத்தையே ஈடாக வைப்பதென்றால் பத்திரம் முதலில் ஆகியிருக்க வேண்டும், பத்திரம் ஆக வேண்டுமென்றால் பணம் முதலில் வேண்டும். பதிவுச் செலவு தனி. கூடவே, நிலக்காரர் பாதியில் மனம் மாறிவிடக் கூடாது, பக்கத்து வயல்காரர் தண்ணீரை மறிக்கக் கூடாது, நிலத்தின் பெயரில் வேறு வில்லங்கம் இருக்கக் கூடாது. வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், சர்வே எண், உட்பிரிவு, பட்டா மாறுதல் என்று தாலுகா ஆபீசுக்கு நடந்தவர்களுக்குத் தெரியும், ஒரே ஒரு ஏக்கருக்கு எத்தனை செருப்பு தேயும் என்று. அதை நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே நேரத்தில் செய்தார்கள்.

கீழ்வெண்மணியிலேயே 74 குடும்பங்களுக்கு 74 ஏக்கர் கிடைத்தது. அரைப்படி கேட்டதற்காக எரிக்கப்பட்ட ஊரில், அந்தத் தெருவின் பெண்கள் ஆளுக்கு ஒரு ஏக்கர் நஞ்சைக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அங்கிருந்து மற்ற கிராமங்களுக்கு விரிந்து, 2008-இல் இருவருக்கும் லாஃப்டிக்கும் சுவீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்த காலத்தில், சுமார் 13,000 ஏக்கர், ஏறத்தாழ அத்தனை குடும்பங்களுக்கு என்ற அளவை எட்டியிருந்தது.

இதற்கு இடதுசாரித் தரப்பிலிருந்து வந்த விமர்சனத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாக உழைத்து அந்த நிலத்தை நிலமாக ஆக்கியவர்கள் கூலிக்காரர்கள். உச்சவரம்புக்கு மேல் இருப்பதைச் சட்டப்படி பறிமுதல் செய்து கொடுக்க வேண்டியது அரசின் வேலை. அப்படியிருக்க, அவர்களையே கடன்காரர்களாக்கி, மிராசுதாருக்கு முழு விலையையும் கையில் கொடுத்து வழியனுப்புவது என்ன நியாயம்? நல்ல கேள்வி. கொள்கையாகப் பார்த்தால் என்னிடம் பதில் இல்லை, அவர்கள் சொல்வதுதான் சரி.

ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்த மிராசுதார் 1981-இல் ஏன் விற்கத் தயாரானார்? 1950-இல் இதே விலையை வைத்துக் கேட்டிருந்தால் விற்றிருப்பாரா? பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் பம்பாய்க்கும் போய்விட்டார்கள் என்பது ஒரு காரணம். காவிரித் தண்ணீர் முன்போல நிச்சயமில்லை என்பது இன்னொன்று. இவை எல்லாவற்றையும்விட, கூலிக்காரர்கள் சங்கமாக நின்றதால் பழைய மாதிரி அடிமாட்டுக் கூலிக்குப் பண்ணையம் நடத்த முடியவில்லை. நியாயக் கூலி கொடுத்துப் பயிர் செய்தால் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்கு மிஞ்சாது என்று கணக்குப் போட்டவருக்கு, நிலத்தை விற்றுவிட்டு டவுனில் வீடு வாங்கலாம் என்று தோன்றியது. அதாவது செங்கொடிதான் மிராசுதாரை விற்கும் மனநிலைக்குத் தள்ளியது, கிருஷ்ணம்மாள் அம்மா அந்த நேரத்தில் வங்கிக் கடிதத்தோடு வாசலில் நின்றார். முதலாவது நடக்காமல் இரண்டாவது நடந்திருக்காது. இரண்டாவது நடக்காமல் போயிருந்தால், விற்பனைக்கு வந்த அந்த நிலத்தைப் பணம் வைத்திருந்த வேறு யாரோ வாங்கியிருப்பார்கள், கூலிக்காரர் அங்கேயே கூலிக்காரராக நின்றிருப்பார். இப்படி இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்வார்களா என்று தெரியாது, களத்தைப் பார்க்கிற எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

பத்திரத்தைப் பெண் பெயரில் எழுதியதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் பெயரில் எழுதினால் ஒரு சாராயக் கடைக் கடனுக்கு நிலம் போய்விடும் என்ற பயம் அந்தப் பெண்களுக்கே இருந்தது. நடவும் களையெடுப்பும் பெண்களின் வேலை, நிலத்தில் அதிக நாள் நிற்பவள் அவள்தான். அப்படி நிற்பவளின் பெயர் பத்திரத்திலும் இருப்பது நமக்கு இன்று சாதாரணமாகப் படலாம். 1980-களின் கீழத்தஞ்சையில், ஒரு தலித் பெண் சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல் ரேகை வைத்து நிலம் வாங்கினாள் என்பதை ஊரே வந்து பார்த்திருக்கும்.

இறால் பண்ணைகள் வந்தபோது

1990-களில் கதை திரும்பவும் போராட்டத்துக்கு வந்தது. கடலோர நிலங்களைக் கம்பெனிகள் வாங்கி இறால் பண்ணைகள் வெட்டின. குளத்தில் தேங்கிய உப்புத் தண்ணீர் பக்கத்து வயலுக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் கசிந்தது. ஒரு ஏக்கர் நெல்லுக்கு நாற்றுப் பறிக்க, நட, களை எடுக்க, அறுக்க, அடிக்க எத்தனை பேர் வேண்டும்? இறால் குளத்துக்கு ஒரு காவலாளியும் தீனி போட இரண்டு பேரும் போதும். நிலக்காரருக்குக் கம்பெனி கொடுக்கிற விலையோ கூலிப் பெண்கள் வங்கிக் கடனில் கொடுக்கிற விலையைவிடப் பல மடங்கு. பத்து வருடமாகக் கட்டிய வழியையே இது அடைத்துவிடும்.

எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஜெகந்நாதன் ஐயா திரும்பவும் உண்ணாவிரதம், நடைப்பயணம் என்று இறங்கினார். கிராமத்துப் பெண்கள் மண் வெட்டும் இயந்திரங்களுக்கு முன்னால் போய் நின்றார்கள். கூடவே உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. 1996 டிசம்பர் 11-இல் நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது: கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும். எஸ். ஜெகந்நாதன் எதிர் இந்திய அரசு என்ற அந்த வழக்கைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

ஆனால் பண்ணைகள் அகலவில்லை. மறுஆய்வு மனுக்கள், தடை என்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கிவிட்டது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் ஜெயித்தும் களத்தில் தோற்றது என்றுதான் சொல்ல வேண்டும். 1973-இல் நீதிமன்றம் கைவிட்டது, 1996-இல் கைகொடுத்தது, இரண்டு தடவையும் ஏழைக்கு வந்து சேர்ந்தது ஒன்றுமில்லை. நீதிமன்றத்துக்கே போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த வருடங்களில்கூட லாஃப்டி நிலம் வாங்கிக் கொடுப்பதை நிறுத்தவில்லை, அதைக் கவனியுங்கள் என்கிறேன். தீர்ப்புக்காக யாரும் ஏரைக் கீழே போட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை.

2004-இல், வெண்மணி நினைவு நாளுக்கு மறுநாள் காலை சுனாமி வந்தது. தமிழ்நாட்டில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது நாகப்பட்டினம் மாவட்டம்தான், ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். கரையோரத்துக்கு நிவாரணம் லாரி லாரியாக வந்தது. கடல் தண்ணீர் புகுந்த வயலில் வேலையை இழந்த கூலிக் குடும்பங்கள் பல இடங்களில் எந்தப் பட்டியலிலும் சேரவில்லை, படகும் வலையும் இழந்தவர்தான் பாதிக்கப்பட்டவர் என்று முதலில் கணக்கெடுத்ததால். கூலிக்காரர் இழந்தது வேலை நாட்கள். அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

ஒரு ஏக்கர் போதுமா

போதாது. கடைமடைப் பகுதியில் ஒரு ஏக்கர் நஞ்சையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வருடம் முழுக்கச் சாப்பிட முடியாது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் சம்பா மட்டும், அதுவும் தண்ணீர் கடைசி மடைக்கு வந்து சேர்ந்தால். உரம், உழவு கூலி, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் ஏறிவிட்டன. லாஃப்டி நிலம் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். அந்த ஏக்கர் எல்லாத் துன்பத்தையும் தீர்த்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் சொந்த நெல் வீட்டில் நாலு மூட்டை இருக்கும்போது கூலி பேசுகிற குரலே வேறு. அடுத்த வேளைக்கு அரிசி இல்லாதவர் எந்தக் கூலிக்கும் சரி என்பார். இருக்கிறவர் ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து, "இந்தக் கூலிக்கு வர முடியாதுங்க" என்று சொல்லிவிடுவார். 1968-இல் சங்கம் கூட்டாகச் சேர்ந்து செய்ய வேண்டியிருந்த காரியம் அது. ஒரு ஏக்கர் இருக்கிற பெண் அதைத் தனியாகவே செய்துவிட முடிகிறது, கூடச் சங்கமும் இருந்தால் இன்னும் நல்லது.

வீடு விஷயமும் அப்படியே. கிருஷ்ணம்மாள் அம்மா நிலத்துக்கு அடுத்தபடியாக விடாமல் பிடித்துக்கொண்டது குடிசைகளை மாற்றி நல்ல வீடு கட்டுவதை. கிராமத்து இளைஞர்களையே செங்கல் அறுக்க வைத்து, கட்ட வைத்து, வீடு வீடாகப் போனார்கள். டெல்டாவில் மழைக்காலக் குடிசை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த 44 பேர் ஒடுங்கி நின்றதும் கீற்றுக் கூரைக்கு அடியில்தான் என்பதை அங்கே வேலை செய்கிற யாரும் மறந்திருக்க முடியாது.

ஜெகந்நாதன் 2013 பிப்ரவரி 12-இல் காலமானார். கிருஷ்ணம்மாளுக்கு 2020-இல் பத்மபூஷண் அறிவித்தார்கள். ஒவ்வொரு டிசம்பர் 25-லும் வெண்மணியில் செங்கொடிகளோடு ஆயிரக்கணக்கானவர்கள் கூடுகிறார்கள், கூட வேண்டும். தமிழ்நாடு அரசு, ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகமான தாட்கோ வழியாக நன்னிலம் மகளிர் நிலவுடைமைத் திட்டம் என்று ஒன்றை நடத்துகிறது. நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க மானியம், முத்திரைத் தீர்வையிலிருந்து விலக்கு. பெயர்தான் புதிது, செய்முறையைக் கீழத்தஞ்சைப் பெண்கள் பல வருடங்களுக்கு முன்பே செய்து பார்த்தாயிற்று. உங்கள் ஊரில் யாருக்காவது பொருந்தும் என்றால் மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் விசாரித்துச் சொல்லுங்கள், தெரியாமலேயே நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வெள்ளம், எத்தனையோ வறட்சி. பயிர் போனால் கிராம நிர்வாக அலுவலர் வந்து சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவேடுகளைப் பார்த்துக் கணக்கு எடுப்பார். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும் அதே காகிதம், பயிர்க் காப்பீட்டுக்கும் அதே காகிதம். நிலம் இல்லாத கூலிக்காரர் அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்கவே முடியாது. லாஃப்டி வழியாக ஒரு ஏக்கர் பெற்ற பெண் வரிசையில் நிற்கிறார், பையிலிருந்து பட்டாவை எடுத்துக் கொடுக்கிறார், பெயரை வாசித்துப் பதிவு செய்கிறார்கள்.